ஒரு கை இல்லாத ஸ்வெட்டர்

கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நவமணி கிராணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஆனால் பனிமூட்டம் இறங்கியதால் வாசல் விளக்கைப் போட்டுவிட்டிருந்தார்கள். ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மழைக்காலம் வந்துவிட்டால் பகலுக்கு மரியாதை கிடையாது. அவள் கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் இருந்தது. உள்ளே வெள்ளைக் கம்பளியில் பின்னிய பச்சைப்பிள்ளை ஸ்வெட்டர். தோட்டத்துக் கணக்கும் லோரியும் பார்க்கும் கிராணி சிங்காரத்தின் மகளுக்குப் பிள்ளை பிறந்து முப்பது நாள் ஆகிறது. மறுநாள் பேர் வைக்கும்போது போடுவதற்காகக் கிராணியம்மா கேட்டிருந்தாள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குல்லாவும் காலுறையும் நவமணி வீட்டிலிருந்துதான் போகும். அடுப்படியில் உட்கார்ந்து அவள் பின்னுவதைப் பார்த்தால் யாரையோ அடிக்கிற மாதிரி இருக்கும். நூலை அப்படி இழுப்பாள். தங்கை சாரதா பின்னினால் கண்ணி கண்ணியாக இளகி நிற்கும். அக்கா பின்னினால் விரல் நுழையாது. "புள்ளைக்குப் பின்றியாக்கா, கோழிக்குக் கூண்டு பின்றியா?" என்று சாரதா கேலி செய்வாள்.

அந்த சாரதா செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

எழுபத்தேழில் அவள் மாசமாக இருந்தபோது, வளைகாப்பு வளையல் குலுங்கக் குலுங்க உட்கார்ந்து தன் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். பிறக்கும் முன்னே பிள்ளைக்குத் துணி சேர்க்கக் கூடாது என்று லயத்தில் எல்லாரும் தடுத்தார்கள். குளிருக்கு அந்த வழக்கம் தெரியுமா என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் பின்னினாள். உடம்பும் இடது கையும் முடிந்தன. வலது கை தொடங்கும் முன் வலி வந்துவிட்டது.

தோட்டத்துக்கு இருந்தது ஒரே லோரி. அன்றைக்குக் கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து நின்றால் கெட்டுப்போகும், வலி கொஞ்ச நேரம் பொறுக்கும் என்று சிங்காரம் சொல்லிவிட்டார். ஏற்றி முடிக்கும்வரை சாரதா மழையில் துடித்தாள். பிறகு கொழுந்துச் சாக்குகளின் மேலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். லோரி முதலில் ஃபேக்டரிக்குப் போய் நின்று, அவளைச் சுற்றி இருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, அதன்பிறகு ஆஸ்பத்திரி ரோட்டைப் பிடித்தது. ஓடைப் பாலத்து வளைவில் தாயும் போனாள், வயிற்றிலிருந்த பிள்ளையும் போயிற்று.

இழவு வீட்டுக்கு வந்த கிராணியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "பொறக்காத புள்ளைக்குச் சட்ட பின்னுனா வேற என்னா நடக்கும்?"

லயமே தலையாட்டியது. லோரியைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். கொன்றவர் தப்பித்துக்கொண்டார், கொலைகாரிப் பட்டம் ஒரு ஸ்வெட்டருக்குப் போயிற்று. அன்றிலிருந்து நவமணியின் வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது.

அதனால்தான் கிராணியம்மா கேட்டனுப்பியதும் அவள் பெட்டியிலிருந்து அதே ஸ்வெட்டரை எடுத்தாள். மீந்திருந்த நூலில் வலது கையைப் பின்னி, உடம்போடு சேர்த்துத் தைத்தாள். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சாபம் விட்டாள். எதை ராசியில்லாதது என்றார்களோ, அதையே தங்கள் பேரனுக்குப் போட்டு அழகு பார்க்கட்டும் என்ற ஆத்திரம். குழந்தைக்கு ஏதாவது ஆகும் என்று அவள் நினைக்கவில்லை. உண்மையில் குழந்தையை அவள் நினைக்கவே இல்லை.

கிராணியம்மா பொட்டலத்தைப் பிரித்து, "என்னா அழகு!" என்றாள். நவமணிக்கு உள்ளுக்குள் ஒரு கசப்பான சந்தோஷம். அளவு பார்க்க அங்கேயே குழந்தைக்குப் போட்டார்கள். சிங்காரம் நாற்காலியில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டிக். டிக்.

ஊசியோடு ஊசி உரசும் சத்தம். அதன் கூடவே கண்ணாடி வளையல் குலுங்கியது.

நவமணி பின்னறைப் பக்கம் திரும்பினாள். அந்த வளையல்களோடுதான் தங்கையைப் புதைத்தார்கள்.

"உள்ள யாரு?" என்று கிசுகிசுத்தாள்.

"யாரும் இல்லியே," என்றாள் கிராணியின் மகள்.

குழந்தை வீறிட்டது. இடது கை தளர்வாக இருந்தது. வலது கை, நவமணி பின்னிய கை, பிள்ளையின் தோலோடு ஒட்டி இறுகிக்கொண்டிருந்தது. பிஞ்சு விரல்கள் சிவந்து, பிறகு நீலம் பாரித்தன. கழற்றப் பார்த்தார்கள், வரவில்லை. கத்தரிக்கோலை வைத்தார்கள். கம்பளி நூல்தான், ஆனால் கத்தரியின் வாய் மடங்கியது.

வீடு முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசனை அடித்தது. மழையில் நனைந்த சாக்கின் வாசனை.

சிங்காரம் மழையில் இறங்கி நிறுவைக் கொட்டகைக்கு ஓடினார். லோரி பாதி ஏற்றி நின்றது. டிரைவர் காளியண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"கொழுந்து என்னாங்க ஆவுறது?"

"கொழுந்து நாசமாப் போவட்டும்லா! எடுறா வண்டிய!"

பின்னால் ஓடி வந்த நவமணி அதைக் கேட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வாயிலிருந்து இந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். குழந்தைக்காகப் பதறிய அதே நெஞ்சில் ஆத்திரமும் பொங்கியது.

மகள் குழந்தையோடு முன்னால் ஏறினாள். பயத்தில் நவமணியின் கையையும் விடாமல் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். சிங்காரத்துக்கு லோரியின் பின்பக்கம், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில்தான் இடம் இருந்தது.

ஓடைப் பாலத்து வளைவில் லோரி நின்றுவிட்டது.

காளியண்ணன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எஞ்சின் உறுமவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைப் பனி. குழந்தையின் அழுகை தேய்ந்து விக்கலாகியது.

பின்னால் யாரோ சாக்கின் மேல் புரண்டு படுத்தார்கள்.

வளையல் குலுங்கியது.

"நவமணி," சிங்காரத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "இங்க ஒருத்தி படுத்திருக்கா."

நவமணி டார்ச் லைட்டோடு இறங்கிப் பின்பக்கம் போனாள். படுதாவுக்கு அடியில் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒண்டியிருந்தார். எதிரே இருந்த சாக்குகளின் மேல் யாரும் இல்லை. ஆனால் ஒரு பள்ளம் இருந்தது. வயிறு பெருத்த பொம்பளை ஒருக்களித்துப் படுத்தால் எப்படி அமுங்குமோ அப்படி ஒரு பள்ளம். அது மூச்சு விட்டது.

நவமணிக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"சொல்லுங்க," என்றாள். "என் தங்கச்சி எப்படிச் செத்தா?"

"அந்த ஸ்வெட்டரு..."

பள்ளம் அவர் பக்கமாக நகர்ந்தது. முன்னால் மகள் அலறினாள்.

"நான்தான்!" என்றார் சிங்காரம். "நான்தான் லோரிய நிறுத்தி வச்சேன். நான்தான்லா கொன்னேன்! புள்ளைய விட்டுடு தாயி!"

காளியண்ணனும் மகளும் கேட்டார்கள். மலையும் கேட்டது.

குழந்தையின் வலது கையில் தையல் தானே பிரிந்தது. வரிசை வரிசையாகக் கண்ணி அவிழ்ந்து, நூல் நெளிந்து நெளிந்து ஜன்னல் வழியே பனிக்குள் போயிற்று. யாரோ நிதானமாக உருண்டை சுற்றிக்கொண்டு போகிற மாதிரி. பிள்ளையின் விரல்களில் ரத்தம் ஏறியது. அது கத்தி அழுதது. சாரதா பின்னிய உடம்பும் இடது கையும் அப்படியே இளகலாக, வெதுவெதுப்பாக அதன் மேல் கிடந்தன.

எஞ்சின் தானாகவே உறுமியது.

இறுகியது தன் கைவேலை, பிரித்துவிட்டது தங்கை என்று நவமணிக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் சிங்காரம் சிங்காரம்தான். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில், ஆள் எல்லாம் கூடி நிற்க, குழந்தைக்கு வந்த ஆபத்துக்கு ராசியில்லாத ஸ்வெட்டர்தான் காரணம் என்று கூசாமல் சொன்னார். லோரியில் சொன்னது பயத்தில் உளறியதாம். காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

நவமணி கூடையைக் கீழே போட்டாள். "பொய்யி" என்று சத்தமாகவே சொன்னாள். அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் சிங்காரம் அவள் வீட்டுக்கே வந்தார். கதவைச் சாத்திவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டினார். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெள்ளைக் கம்பளி. தைத்த இடமே இல்லை. கையின் மேலேயே வைத்துப் பின்னியது. தினமும் காலையில் எழுந்து பார்த்தால் பல வரிசை கூடியிருக்கிறது என்றார்.

"பிரிச்சி விடு நவமணி. ஒனக்குத்தான் தெரியும்."

அவள் விளக்கருகே பார்த்தாள். மேல் விளிம்பு மூடப்படவில்லை. ஊசியில்லாமலே கண்ணிகள் வாய் திறந்து நின்றன. நுனி நூலை இழுத்தாள், அசையவில்லை. இளகலான பின்னல். கோழிக்கூண்டு இல்லை.

"இது எம் பின்னல் இல்லீங்க," என்றாள். "அவகிட்டச் சொன்னத எல்லாருகிட்டயும் சொல்லுங்க. பெரட்டுல நின்னு சொல்லுங்க."

அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகும் பெரட்டுக்கு வந்து நின்றார். தினமும் வாயைத் திறப்பார், சனங்களைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். பேர் கூப்பிடும்போது இடையிடையே டிக் டிக் என்று கேட்டது, வளையலும் குலுங்கியது. இப்போது அது எல்லாருக்குமே கேட்டது. சட்டைக்கு அடியில் புடைப்பு தோள்வரை ஏறியிருந்தது.

தோளுக்கு அடுத்தது கழுத்து. பின்னத் தெரிந்த யாருக்கும் அது தெரியும்.