உர்சுலாவின் குரல்

அடுப்படியில் உட்கார்ந்து வாத்தின் இறகைப் பிய்த்துக்கொண்டிருந்த உர்சுலாவுக்கு, மாடியில் தன் சிரிப்பே கேட்டது.

அவளுடைய சிரிப்பேதான். மூக்கில் தொடங்கித் தொண்டைக்கு இறங்கி, சின்ன விக்கலோடு முடிகிற சிரிப்பு. கைக்குழந்தை ஹம்ஃப்ரியைப் புதைத்த நாளிலிருந்து, இந்த மூன்று மாதமாக, அவள் சிரித்ததே இல்லை.

அடுப்படிக்கு நேர் மேலே இருந்தது கணவர் ஆம்ப்ரோஸின் படிப்பறை. லத்தீன் புத்தகங்களும், நட்சத்திரக் கணக்குகளும், ஆவிகளோடு பேச அவர் வாங்கி வந்த கறுப்புக் கல்லும் அங்கே இருந்தன. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. வெளியே சதுப்பு நிலத்துப் பனிமூட்டம் பிற்பகலையே இருட்டாக்கியிருந்தது. புகைபோக்கியில் காற்று இறங்கி ஏற, நனைந்த கரியின் நாற்றத்தோடு மேலிருந்து இரண்டு நாற்காலிகள் முனகும் ஒலியும் வந்தது. ஒன்றல்ல, இரண்டு.

வேலைக்காரி மார்ஜரி வெறுங்கூடையோடு படியிறங்கி வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"மேலதானம்மா இருந்தீங்க? கதவுகிட்ட கரிய வெச்சதும், போதும் போன்னு உள்ளேர்ந்து சொன்னீங்களே."

உர்சுலா கையில் ஒட்டிய இறகுகளோடு படியேறினாள்.

பாதிப் படியில் அந்தக் குரல் அழத் தொடங்கியது. ஹம்ஃப்ரி இருமி இருமித் துடித்த கடைசி இரவைப் பற்றிச் சொல்லி அழுதது. இது சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன் என்றது. பெற்றவள் நினைக்கலாமா என்று கேட்டது.

உர்சுலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள், படுக்கையில், போர்வைக்குள். அன்று ஆம்ப்ரோஸ் ஒன்றும் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது பேசினார். "உன்மேல தப்பில்லம்மா. அழாத."

இவளுக்கு ஒருநாளும் கிடைக்காத குரல் அது.

கதவைத் தள்ளினாள்.

ஆம்ப்ரோஸ் திடுக்கிடவில்லை. விருந்தாளி முன்னால் மனைவி அழுக்குத் துணியோடு வந்து நின்றதுபோல் முகம் சுளித்தார், அவ்வளவுதான். எதிர் நாற்காலியில் உர்சுலாவின் பச்சைக் கம்பளி உடுப்பு. அதற்குள் உர்சுலா. துக்கம் தொடாத, போன வருடத்து உர்சுலா.

"யாருங்க இது?"

"நீ சொன்னதெல்லாம் எழுதி வெச்சிருந்தேன்," என்றார் அவர், மேசைமேல் இருந்த தாள்களைப் பார்த்தபடி. "அந்தக் கல்லு வழியா வந்த இதுக்குத் தினமும் படிச்சுக் காட்டினேன். இது கத்துக்கிச்சு."

"நான் உங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

"உன்னோட இருக்க முடியல உர்சுலா. வீடே இழவு வீடா இருக்கு."

அது தலையைத் திருப்பியது. மெதுவாக. அவளைப் பார்த்துப் பரிவோடு புன்னகைத்தது.

படியில் சின்னக் காலடிகள். ஆறு வயது மகள் சிசிலி. உர்சுலா கையை நீட்டினாள். குழந்தை அந்தக் கைக்குக் கீழே குனிந்து புகுந்து ஓடியது. தயங்கவில்லை. தினமும் ஓடுகிறவள்போல் ஓடி, பச்சை மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா," என்று அதன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

விரல்கள் உள்ளே போயின.

சூடான மெழுகில் புதைவதுபோல. கையை எடுத்த பிறகும் பள்ளங்கள் அப்படியே நின்றன, பத்து. ஒரு கண் சற்றே கீழே இறங்கியிருந்தது. சிசிலி கலகலவென்று சிரித்தாள்.

ஆம்ப்ரோஸ் எழுந்து போய்க் கட்டை விரலை எச்சிலில் நனைத்து, கன்னத்துப் பள்ளங்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, பழகிய கையோடு வழித்துச் சமன்செய்யத் தொடங்கினார். அதன் வாய் மட்டும் உர்சுலாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.