பேர் சொல்லிக் கூப்பிடும் குகை

குகைக்குள் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், நெற்றி விளக்கு எல்லாவற்றையும் மாட்டிவிட்ட பிறகு வழிகாட்டி சந்தாலி கடைசியாகச் சொன்ன விதி அதுதான். லாவோஸ் நாட்டு மலைக்காட்டில், ஒரு ஆறு மலையின் வாய்க்குள் புகுந்து மறையும் இடத்தில் நின்றுகொண்டு அவள் அதைச் சொன்னாள். கொரியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த இரண்டு இளைஞர்களும் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணி ஜெசிந்தாவும் சிரிக்கவில்லை.

அந்தக் குகைக்குப் பெயர் தாம் சியாங். குரல் குகை என்று அர்த்தமாம். இரண்டு வருடங்களுக்கு முன்னால் பிலோமினாவின் அண்ணன் ஆரோக்கியராஜ் இதே சாகசச் சுற்றுலாவில், இதே படகுத்துறையிலிருந்து உள்ளே போனான். வெளியே வரவில்லை.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் செவிலியராக இருந்தவன் அவன். கூட வேலை பார்த்த நண்பர்களோடு ஆசை ஆசையாகக் கிளம்பி வந்தான். குகைக்குள் இருந்தபோது மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழையில் வெள்ளம் வந்து படகு கவிழ்ந்தது. நண்பர்கள் எல்லாரும் மணல்திட்டில் ஏறித் தப்பித்தார்கள். ஆரோக்கியராஜும் ஏறியிருந்தான். ஏறியவன் மறுபடி தண்ணீரில் இறங்கியதை ஒரு நண்பன் பார்த்திருக்கிறான். ஏன் இறங்கினான் என்று யாருக்கும் தெரியாது. சுற்றுலா நிறுவனம், பயணி விதியை மீறினார் என்று அறிக்கை விட்டுக் கையைக் கழுவிக்கொண்டது.

உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காததால் திண்டுக்கல்லில் சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். வெளிநாட்டில் யாரோடோ செட்டிலாகிவிட்டான் என்றார்கள். ஜெசிந்தாவின் காதுபடவே, பொண்டாட்டி சரியில்லை போல என்றும் சொன்னார்கள். அம்மா மட்டும், மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி, ஆன்ம சாந்திக்குப் பூசை வைக்க விடாமல் பிடிவாதமாக இருந்தாள். விதவையும் இல்லை, மனைவியும் இல்லை என்று அந்தரத்தில் நின்றாள் ஜெசிந்தா. ஒருநாள் அவள், "நான் போய்ப் பாக்கப் போறேன் பிலோ" என்றபோது, தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் பிலோமினா, "நானும் வர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயமே வந்தது. யாரென்று தெரிந்தால் விட மாட்டார்கள் என்று, சும்மா சுற்றிப் பார்க்க வரும் தோழிகள் மாதிரிப் பதிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள்.

படகு உள்ளே நுழைந்தது. முதுகுக்குப் பின்னால் பகல் வெளிச்சம் ஒரு தட்டளவு சுருங்கி, பிறகு நாணயமளவு ஆகி, ஒரு வளைவில் அணைந்தே போனது. மோட்டார் சத்தம் பாறைகளில் மோதித் திரும்பி வந்தது. கூரை எங்கே இருக்கிறதென்று விளக்கொளிக்கும் எட்டவில்லை. ஈர மண்ணும் வௌவால் எச்சமும் கலந்த வாடை. இந்த வருடம் கடும் வறட்சி என்றும், ஆறு இவ்வளவு வற்றி யாரும் பார்த்ததில்லை என்றும் சந்தாலி உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். சுவரில் பழைய வெள்ளங்கள் விட்டுப்போன கறை ஆள் உயரத்துக்கும் மேலே ஓடியது. பிலோமினா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

படகோட்டி திடீரென்று மோட்டாரை நிறுத்தினார். ஆழமில்லாத இடம், துடுப்புப் போட வேண்டும் என்றார். அமைதி கவிந்தது. அந்த அமைதிக்குள், வெகு தூரத்தில், யாரோ மெல்ல விசில் ஊதுவது கேட்டது.

ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொரிய இளைஞர்களில் மின்ஜே என்பவன் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, தன் செத்துப்போன தாத்தா தன்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னான். முகம் வெளிறிப்போயிருந்தது. சந்தாலி யாரையும் பார்க்காமல் துடுப்புப் போட்டாள். காற்று என்று மட்டும் சொன்னாள். ஆனால் துடுப்பைப் பிடித்த அவள் விரல்கள் இறுகியதைப் பிலோமினா கவனித்தாள்.

மணல்திட்டில் சாப்பிட இறங்கினார்கள். அகலமான கூடம் அது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் உருகி உறைந்த மெழுகு மாதிரி பாறைச்சுவர். நண்பர்கள் சொல்லியிருந்த அடையாளங்கள் எல்லாம் பொருந்தின. அண்ணன் கடைசியாக நின்ற இடம் இதுதான். மின்ஜே இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தேற்றுவதில் எல்லார் கவனமும் போனது. பிலோமினா திரும்பிப் பார்த்தபோது அண்ணி இருந்த இடத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் மட்டும் இருந்தது.

மணலில் காலடித் தடம் பாறைச்சுவரை நோக்கிப் போனது. சுவரின் அடியில், தண்ணீர் வற்றி வெளியே தெரிந்த ஒரு துளை. ஆள் தவழ்ந்து போகலாம். பாதி வரை தண்ணீர் நின்றது. சந்தாலி அதைப் பார்த்து மலைத்துப்போனாள். இத்தனை காலம் இந்தக் குகைக்குள் வந்துபோகிறாள், இந்தத் துளையைப் பார்த்ததே இல்லையாம். எப்போதும் தண்ணீருக்கடியில் கிடந்திருக்கிறது.

அவள் கயிற்றை இடுப்பில் கட்டி, ஒரு துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பிலோமினாவை மணலிலேயே இருக்கச் சொன்னாள். அப்போதுதான் அது கேட்டது.

"பிலோ..."

துளைக்குள்ளிருந்து வந்தது. பாறையில் உரசி உரசித் தேய்ந்துபோன குரல். ஆண் குரலா, பெண் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் அண்ணனும் அண்ணியும் மட்டும்தான்.

சந்தாலி சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் கண்களில் இருந்தது வழிகாட்டியின் கண்டிப்பு இல்லை, நிஜமான பயம்.

குரல் மறுபடி வந்தது. இந்த முறை இன்னும் மெலிந்து.

அது பேயாக இருந்தால்? அண்ணியாக இருந்தால்? எங்கேயோ மாட்டிக்கொண்டு, இருட்டில், ஒருத்தரும் வர மாட்டேன் என்கிறார்களே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால்? பிலோமினா அந்தக் கையை விலக்கித் தள்ளினாள்.

"அண்ணி! நான் இங்கதான் இருக்கேன்! வர்றேன்!"

குகை முழுக்க அவள் குரல் உருண்டு ஓடியது. அது அடங்கிய பிறகு, துளைக்குள்ளிருந்து தெளிவாக ஜெசிந்தாவின் அழுகைச் சத்தம் கேட்டது.

தண்ணீருக்குப் பயந்தவள் என்பதைப் பிலோமினா மறந்துபோனாள். சந்தாலி முன்னால், அவள் பின்னால். தாடை வரை குளிர்ந்த நீர். ஹெல்மெட் கூரையில் இடித்தது. ஒரு இடத்தில் மூக்குக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கயிற்றை மட்டும் நம்பி உந்தினாள். பிறகு தலைக்கு மேல் வெற்றிடம் திறந்தது. அங்கே, இரண்டு பாறைகளுக்கு நடுவே கணுக்கால் சிக்கி, விளக்கு உடைந்து, இருட்டில் ஜெசிந்தா கிடந்தாள்.

சந்தாலி துடுப்புக்கட்டையைக் கொடுத்து நெம்ப, கால் விடுபட்டது. தோல் உரிந்திருந்தது, எலும்பு முறியவில்லை. பிலோமினா அவளைக் கட்டிக்கொண்டாள். விசில் சத்தம் இந்தப் பக்கமிருந்துதான் வந்தது, மனசு கேட்கவில்லை, அதனால்தான் வந்தேன் என்று ஜெசிந்தா விக்கினாள்.

"நல்லவேளை, கூப்பிட்டீங்க அண்ணி. இல்லன்னா எப்படித் தெரியும்?"

ஜெசிந்தா அவளை விநோதமாகப் பார்த்தாள். "நான் கூப்பிடலயே பிலோ. கொரல் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு வாய மூடிட்டுல்ல கெடந்தேன். நீ கத்துனப்பறந்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

தலைக்கு மேலிருந்து விசில் சத்தம் இறங்கி வந்தது.

பாறைச்சுவர் அங்கே படிப்படியாக மேலே போனது. ஈரத்தில் கால் வழுக்கியது. ஒருமுறை பிலோமினா சறுக்கி விழப்போனபோது சந்தாலி அவள் லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி இழுத்தாள். உச்சியில், வெள்ளக் கறைக்கும் மேலே, ஒரு உலர்ந்த மேடை. கூரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அதன் வழியே காற்று நுழைந்து சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது. விசில் அதுதான்.

பிளவுக்குக் கீழே இரண்டு பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

உட்கார்ந்த வாக்கிலேயே எலும்பாகியிருந்தார்கள். இருவர் மேலும் சாயம் போன ஆரஞ்சு ஜாக்கெட். தோளோடு தோள் ஒட்டியிருந்தது. ஒருவரின் வலது கால் நீட்டியபடி இருந்தது. அதன் இரு பக்கமும் உடைந்த துடுப்பின் துண்டுகள் வைத்து, கிழித்த சட்டைத் துணியால் கணுக்காலில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முழங்காலுக்கு மேலும் கீழும் முடிச்சுப் போட்டிருந்தது. துணி கறுத்திருந்தாலும் முடிச்சு இன்னும் நெகிழவில்லை.

ஜெசிந்தா முகத்தைத் தேடவில்லை. மண்டியிட்டு அந்தக் கட்டைத்தான் தொட்டாள். அதே வார்டில் அவளும் அவனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் நோயாளிகளுக்குக் கட்டுப்போட்டவர்கள். அப்படித்தான் பழகி, அப்படித்தான் கல்யாணமும் ஆனது.

"இது அவரு போட்ட கட்டு," என்றாள். "முடிச்ச எப்பவும் வெளிப்பக்கந்தான் வைப்பாரு. படுத்தா உறுத்தக் கூடாதும்பாரு."

பிலோமினாவுக்கு எல்லாம் புரிந்தது. கரையேறிய அண்ணன் ஏன் திரும்ப இறங்கினான் என்று இப்போது தெரிந்தது. கால் முறிந்து வெள்ளத்தில் போன ஒருவரைப் பிடித்திருக்கிறான். வெள்ளம் இரண்டு பேரையும் இந்தத் துளைக்குள் தள்ளியிருக்கிறது. அவரை இழுத்துக்கொண்டு மேலே ஏறியிருக்கிறான். பிறகு துளை தண்ணீரில் மூழ்கியது, வெளியே வர வழி இல்லாமல் போனது. தப்பிக்க ஏதாவது முயன்றானோ என்னவோ. விட்டுவிட்டு மட்டும் போகவில்லை.

அந்த இன்னொருவர் யார் என்று கேட்கத் திரும்பினாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. சந்தாலி அவர் காலடியில் அமர்ந்து, கட்டுப்போட்ட அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள்.

அவர் பெயர் பூன்மி. அந்தப் படகை ஓட்டியவர், சந்தாலியின் கணவர். பயணிகளை வெள்ளத்தில் விட்டுவிட்டு மேகாங் ஆற்றைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்கு ஓடிப்போனவன் என்று ஊர் அவரைச் சொன்னது. அவள் நம்பவில்லை. நம்பாததால்தான் வழிகாட்டி வேலையில் சேர்ந்து, பயணிகளைச் சாக்காக வைத்து, நாள் தவறாமல் உள்ளே வந்துகொண்டிருந்தாள். பிலோமினாவின் முக ஜாடையைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது, தேடல் நடந்தபோது ஒட்டிய உன் அண்ணன் படத்தில் அதே ஜாடையைத்தான் பார்த்திருந்தேன், இருந்தும் நிறுவனத்திடம் சொல்லவில்லை என்றாள்.

பிறகு அவள் சொன்னதைப் பிலோமினா வாழ்நாள் முழுக்க மறக்கப்போவதில்லை. வெள்ளம் வந்த பிறகு சில நாட்கள் குகைவாயில் நின்றவர்களுக்கு உள்ளேயிருந்து விசில் கேட்டதாம். அவள் பெயரும் கேட்டதாம். ஆவிதான் கூப்பிடுகிறது, பதில் சொன்னால் உன்னையும் கொண்டுபோய்விடும் என்று உறவுக்காரர்கள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் சத்தம் நின்றுவிட்டது.

"நான் கேட்டேன்," என்றாள் சந்தாலி. "ஆனால் நான் கேட்டது அவருக்குத் தெரியாது."

ஜெசிந்தா நகர்ந்து போய் அவள் தோளைச் சுற்றிக் கைபோட்டாள். இரண்டு பெண்களும் அந்த இரண்டு ஆண்களைப் போலவே தோளோடு தோள் சாய்ந்திருந்தார்கள். பிலோமினா விளக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சந்தாலி எழுந்து நின்று, இருட்டைப் பார்த்து, கணவர் பெயரைச் சொல்லித் தன் மொழியில் உரக்கப் பதில் கொடுத்தாள். நீளமான பதில். பிலோமினாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் நடுவில் ஒரு இடத்தில் காற்று நின்று, விசில் ஓய்ந்து, குகையே காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது.

அன்று பிற்பகல் அவர்கள் வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. மின்ஜே முதல் ஆளாகப் படகிலிருந்து குதித்து, ஜெசிந்தாவைக் கைத்தாங்கலாகக் கரையேற்றினான். சந்தாலி கரையில் நின்றவர்களிடம் சுருக்கமாகச் சொன்னாள். ஒரு முதியவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மறுநாள் மீட்புக் குழுவினர் துளை வழியே போய் இரண்டு பேரையும் கொண்டுவந்தார்கள். கட்டைப் பிரிக்க வேண்டாம் என்று சந்தாலி கேட்டுக்கொண்டாள். அதிகாரிகள் படம் எடுத்துக்கொண்டு அப்படியே விட்டார்கள். ஓடிப்போனவன் என்று சொன்ன ஊர் ஆற்றங்கரையில் வரிசையாக நின்றது. பூன்மியைத் தூக்க ஆள் போதவில்லை என்ற பேச்சே எழவில்லை. ஆரோக்கியராஜையும் அவர்களே தூக்கினார்கள். விட்ட அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம் என்று நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து கைகட்டி நின்றார். ஜெசிந்தா சரி என்று மட்டும் சொன்னாள்.

அம்மாவுக்குப் போன் செய்யும் வேலை பிலோமினாவுக்கு வந்தது. அண்ணன் கிடைத்துவிட்டான் என்றாள். எப்படிக் கிடைத்தான் என்பது அவள் குரலிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"தனியாவா கெடந்தான் எம்புள்ள?"

"இல்லம்மா. கூட ஒருத்தர் இருந்தாரு. அவருக்குக் கால் ஒடஞ்சிருக்கு. அண்ணந்தான் கட்டுப்போட்டு, கடைசி வரைக்கும் கூட இருந்திருக்கான்."

அம்மா அழுதாள். அத்தனை நாளும் அழாமல் சேர்த்து வைத்த அழுகை. பிலோமினா போனை வைக்காமல் கூடவே நின்றாள். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்த மனுஷன் பேர் என்ன என்று கேட்டாள். பிலோமினா சொன்னாள்.

"சரியாச் சொல்லுடி. சாமியார்ட்ட பூசைக்குப் பேரு குடுக்கணும்ல. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வைக்கணும்."

"பூன்மி, அம்மா."

"பூன்மி," என்றாள் அம்மா. சரியாக வந்ததா என்று கேட்டுவிட்டு, இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.