பொற்காது கேட்ட பனித்துளி

"என் வீட்டுக்காரர் என் தம்பியைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கப் போறாருங்க. சாயங்காலம் வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்காரு." உள்ளே வந்த பெண்மணி, காட்டிய நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

சர்வேயர் செய்தித்தாளை மடித்து வைத்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, தீப்பிடித்த கிடங்குகளையும் தானாகவே காணாமல்போன நகைகளையும் ஆராய்ந்து ஓய்வுபெற்றவர். அவசரம் என்பது அவரிடம் கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்துவைக்க அவருடைய சகலை இருந்தார். அவர் அதற்குள் செருப்பை மாட்டியாகிவிட்டது.

அவள் கணவர் ஸ்பீக்கர் தயாரிக்கும் முதலாளி. ஒரு ஜோடியின் விலைக்கு ஒரு வீடு வாங்கலாம். வாங்குபவர்களிடம் ஏற்கெனவே நாலைந்து வீடு இருப்பதால் யாரும் அப்படி யோசிப்பதில்லை. நேற்றுப் புது மாடலைக் கேட்டுப் பார்க்க ஒரு விமர்சகர் வந்திருந்தார். துறையில் அவருக்குப் 'பொற்காது' என்று பெயர். இன்று காலை வலது ஸ்பீக்கரின் ட்வீட்டர் உடைந்து கிடந்தது. ட்வீட்டர் என்பது உச்ச ஒலியை மட்டும் எழுப்பும், நாணயம் அளவுக்குக் குவிந்த தகடு. அங்கே டெக்னீஷியனாக இருக்கும் அவள் தம்பி அதன்மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். போட்டிக் கம்பெனியிடம் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு உடைத்துவிட்டான், இப்போது மறைக்கப் பார்க்கிறான் என்று பட்டறையே கேட்கக் கத்தினார். ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் போலீஸ்.

"நேத்து அந்தப் பாட்டை நீங்களும் கேட்டீங்களாம்மா?"

"தண்ணி கொண்டுபோனப்போ கேட்டேன். வலது பக்கம் கம்பளியைப் போர்த்தின மாதிரி இருக்குங்களேன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. 'நீ போய்ட்டு வாம்மா'ன்னாரு வந்தவரு."

சர்வேயர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

இசை கேட்கும் அறையின் சுவர்களிலெல்லாம் மெத்தை பதித்திருந்தார்கள். ஸ்பீக்கர்களுக்கு முன்னால் மெல்லிய வலைத்திரை ஒன்று தொங்கியது. கண் காதை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகப் பாட்டு முடியும்வரை அதை மூடியே வைப்பார்களாம். சோபாவுக்குப் பக்கத்துச் சிறுமேசையில் பென்சில் சீவிய தூள் சிதறியிருந்தது.

"பேனா முள் காகிதத்துல கீறுற சத்தம் பொற்காதுக்கு ஆகாது. பென்சில்தான், அதையும் அவரே கையால சீவிக்குவார்" என்றார் முதலாளி பெருமையோடு.

டெக்னீஷியன் சுவரோரம் நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"டேப்பை எதுக்குப்பா ஒட்டினே?"

"இது பெரிலியம்ங்கற உலோகம் சார். லேசா, விறைப்பா இருக்கும். அதனாலதான் உச்ச ஒலிக்கு ஈடு கொடுத்து அதிரும். உடைஞ்சா அந்தத் தூள் மூச்சுல போகக் கூடாது, விஷம். அதான் முதல்ல மூடினேன்."

"நல்லா கதை சொல்றான்!" என்றார் முதலாளி.

சகலை திரையை ஒதுக்கிவிட்டு இடது ஸ்பீக்கரின்மேல் குனிந்தார். "இந்தத் துளியூண்டுதானா அது?" என்று சாவிக்கொத்தால் சுட்டிக்காட்டப் போனார். கொத்து விசுக்கென்று முன்னால் பாய்ந்தது. டெக்னீஷியன் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். தகட்டுக்கும் சாவிக்கும் நடுவே ஒரு விரற்கடைகூட இல்லை.

"பின்னாடி காந்தம் இருக்கு சார்! இரும்பைக் கண்டா இழுத்துடும். எங்க எல்லாருக்கும் பித்தளை ஸ்க்ரூடிரைவர்தான். பெருக்கறவங்ககூட சேஃப்டி பின்னைக் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள வருவாங்க."

வியர்த்துப்போன சகலை சாவியைப் பைக்குள் போட்டு, பையையும் கையால் பொத்திக்கொண்டார்.

"ஸ்பீக்கர் பெட்டியிலேர்ந்து வர்றப்போ இதைப் பாதுகாக்க எதுவும் இருக்குமா?" என்று கேட்டார் சர்வேயர்.

"பிளாஸ்டிக் மூடி இருக்கும் சார். பாட்டு போடறதுக்கு முன்னாடி கழட்டிடணும்."

"கழட்டினியா?"

"இடது பக்கம் கழட்டினேன். அதுக்குள்ள அத்தான் சோபாவை நகர்த்தக் கூப்பிட்டார். வலது பக்கம்... சத்தியமா ஞாபகம் இல்ல சார்."

மேசை இழுப்பறையில் ஒரே ஒரு மூடி இருந்தது.

"பாட்டு முடிஞ்ச பிறகு இங்க யார் இருந்தாங்க?"

"அவர் மட்டும்தான். கடைசி சுரத்துக்கு அப்புறம் வர்ற மௌனத்தைத் தனியா அனுபவிக்கணும்னு எங்களை வெளிய போகச் சொன்னார். பெரிய மனுஷங்க ரசனையே தனி" என்றார் முதலாளி.

"மௌனம் கேக்கவா இவ்வளவு விலைக்கு ஸ்பீக்கர்?" என்று சகலை முணுமுணுத்தார்.

இன்னொரு முறை கேட்டுச் சொல்ல வேண்டும் என்று சொல்லியனுப்பியதும் பொற்காது வந்து சேர்ந்தார். தோளில் நேற்று கொண்டுவந்த அதே பை. தெருச்சத்தம் பட்டுவிடாமலிருக்க இரண்டு காதிலும் பஞ்சு. அதை எடுத்துக் கண்ணாடிச் சிமிழில் பத்திரப்படுத்திவிட்டு சோபாவில் சாய்ந்தார். இன்று இடது ஸ்பீக்கர் மட்டும்தான் என்றார் சர்வேயர். திரைக்குப் பின்னாலிருந்து வயலினும் சிறுமணிகளும் எழுந்தன. பொற்காதின் தலை மெல்ல ஆடியது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் தலையும் அதே தாளத்தில் ஆடத் தொடங்கியது.

"ஆஹா! ஒவ்வொரு மணியும் இலை நுனிப் பனித்துளி மாதிரி தனித்தனியா நிக்குது. நேத்து வலது பக்கம் இதைவிட ஒரு படி மேல!"

வாசலில் நின்ற முதலாளியின் மனைவி, "மறுபடியும் கம்பளி" என்றாள்.

சர்வேயர் திரையை விலக்கினார். இடது ட்வீட்டரின்மேல் அந்த மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

டெக்னீஷியன் பாட்டை நிறுத்தினான்.

"தாழ்ந்த ஒலி எதையும் சுத்தி வளைச்சு வந்துடும்" என்றார் சர்வேயர் நிதானமாக. "உச்ச ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி. குறுக்க ஏதாவது இருந்தா அங்கேயே நின்னுடும். நேத்து வலது பக்கம் முழுக்க மூடியோடதான் பாடியிருக்கு. புகழ்ந்து தள்ளிட்டு, தனியா திரையை விலக்கினப்போதான் நீங்க அதைப் பார்த்தீங்க. வேற யாராவது பார்த்தா மானம் போயிடும். நகத்துக்கு மூடி வரல. பென்சில் சீவற கத்தியால நெம்பினீங்க. மூடி வந்துச்சு, கூடவே காந்தம் கத்தியையும் இழுத்துக்கிச்சு. பட்டுத்துணி ட்வீட்டரா இருந்தா பள்ளம் விழுந்திருக்கும், அவ்வளவுதான். இது முட்டை ஓடு மாதிரி உடைஞ்சுடுச்சு. இங்க வேலை பார்க்கற யாரும் எஃகை இதுகிட்ட கொண்டுபோக மாட்டாங்க."

"வெறும் ஊகம்! ஆதாரம் எங்கே?"

"இங்க இருக்கற குப்பைக்கூடை எல்லாத்தையும் முதலாளி காலையிலேயே தடயம் தேடிக் கொட்டிப் பார்த்துட்டார். இன்னொரு மூடி எதுலயும் இல்ல. உங்க பையைத் திறந்து காட்டறீங்களா?"

சகலை ஆவலோடு ஓரடி முன்னால் வைத்தார். அதற்கு அவசியமில்லாமல் போயிற்று. பொற்காதே பையைத் திறந்து கறுப்பு மூடியை எடுத்து மேசையில் வைத்தார்.

"வயசாயிடுச்சு. மணிச்சத்தமெல்லாம் எனக்குக் கேட்டே வருஷக்கணக்காச்சு. இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

முதலில் சுதாரித்துக்கொண்டவர் முதலாளிதான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. விமர்சனம் அச்சுக்குப் போயாச்சு, அது அப்படியே வரட்டும். மச்சான், போலீஸெல்லாம் கிடையாது, புது ட்வீட்டரை மாட்டு. யாராவது கேட்டா ஒயர் ஷார்ட் ஆயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

டெக்னீஷியன் அசையவில்லை. "காலையில பட்டறையில அத்தனை பேர் முன்னாடியும் கைநீட்டினவன்னு சொன்னீங்க அத்தான்."

"அதான் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே!"

"இந்த ரூம்ல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்களுக்கு?"

முதலாளி மனைவியைப் பார்த்தார். அவள் பட்டறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். உள்ளே இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. தலைகள் திரும்பின.

முதலாளி வாசலுக்குப் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டார். எந்த மேடையிலும் வார்த்தைக்குத் திணறாதவர், பழக்கதோஷத்தில் பொற்காதின் முகத்தைத் தேடினார். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மச்சான் யார்கிட்டயும் கைநீட்டல. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்." "நேத்து எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலப்பா. அவர் தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. டெக்னீஷியன் கையுறையை மாட்டிக்கொண்டு புது ட்வீட்டரின் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தான்.