மூன்றாம் மாடித் திருப்பம்

காலை பதினொரு மணி. வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயில். தோளில் கருவிப்பையோடு ‘நாளைக்கு’ அந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தான்.

நெட்வொர்க் வேலை பார்க்கும் அவனுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் அவன் மனைவி. எதைக் கேட்டாலும் ‘நாளைக்கு’ என்பான், பாவி. ஊரார் வேலையென்றால் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான். பெண்டாட்டி கேட்டால் மட்டும் காலில் முள் குத்தியிருக்கும்.

அவள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே நான்காவது மாடியில் உள்ள பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை அவளுக்கு. லிஃப்ட் பேருக்குத்தான் இருந்தது. ஏழு மாத வயிற்றோடு தினமும் மூச்சிரைக்க ஏறினாள். வீட்டிலிருந்தே அலுவலகக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய ஒரு ரிமோட் சர்வர் வைத்துக் கொடுங்கள் என்றாள். சர்வர் பெட்டியை அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்தான். அவள் பெயரில் ஒரு கணக்கும் போட்டான். வெளியிலிருந்து வரும் வழியைத் திறந்துவிடுவது மட்டும் பாக்கி. கால் மணி நேர வேலை.

“இன்னைக்காவது போகாம இருக்கலாமாங்க?”

“நாளைக்கு முடிச்சுடறேன்மா. இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வந்துடு.”

அன்று மழை. ஈரச் செருப்போடு ஏறியவள் மூன்றாம் மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்தாள். தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று. அதன்பிறகு அவன் வீட்டைப் பூட்டி, இணைய இணைப்பையும் துண்டித்துவிட்டு, அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டான். பதினைந்து மாதம் கழித்து, பதிப்பக மேலாளரம்மா கேட்டுக்கொண்டதால், அந்தக் கால் மணி நேர வேலையை முடிக்க இன்று வந்திருக்கிறான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மூன்றாம் மாடித் திருப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தான்.

சர்வர் அறையில் ஏசிக் குளிரும் தூசி வாடையும். கணக்குப் பட்டியலில் ஒரே ஒரு பெயர், அவளுடையது. ‘கடைசி வருகை: இதுவரை இல்லை.’  வெளியிலிருந்து வரும் வழியைத் திறந்தான்.

பச்சை விளக்கு எரிந்தது.

யாரோ சர்வருக்குள் வந்துவிட்டார்கள்.

பட்டியலில் அவள் பெயருக்கு நேரே, வந்த இடத்தின் எண் இருந்தது. அவன் வீட்டு இணைய எண். அவனே போட்டுக் கொடுத்தது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

வீட்டுச் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், உறை போட்டு மூடியிருந்த அவளுடைய கணினி முனகியது. அங்கே இருந்த மேலாளரம்மா உறையை எடுத்தார். திரையில், அவள் பாதியில் விட்ட அத்தியாயம் திறந்திருந்தது. யாரும் தொடாத விசைப்பலகைக்கு மேலே திருத்தங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. இடுப்பு வலிக்கு அவள் தேய்க்கும் தைலத்தின் வாசனை அறை முழுக்கப் பரவியது.

“யாரு தம்பி உள்ள வந்திருக்கிறது?” மேலாளரம்மாவின் குரல் கிசுகிசுத்தது.

“எங்க வீட்டுல இருந்தும்மா.”

“வீட்டுல யாரு இருக்கா?”

“யாருமே இல்லம்மா.”

“ஐயோ! முதல்ல அதை நிறுத்துப்பா!”

அவள் கணக்கை முடக்கினான். பச்சை விளக்கு அணைந்தது. தைல வாசனையும் போயிற்று.

அப்பாடா என்று மேலாளரம்மா நாற்காலியில் சாய்ந்தார்.

கீழே, படிக்கட்டில், சத்தம் கேட்டது.

சளக். சளக்.

ஈரச் செருப்பின் சத்தம். முதல் மாடியில் நின்றது. ‘உஸ்... அம்மா...’ என்று ஒரு பெருமூச்சு. பிறகு மறுபடி சளக், சளக்.

அவனுக்கு அந்த நடை தெரியும். அந்த மூச்சும் தெரியும்.

“தம்பி... யாரோ ஏறி வராங்க...”

அவனுக்குச் சட்டென்று விளங்கியது. வீட்டிலிருந்து வரும் வழியை மூடியது அவன்தான். வேறென்ன செய்வாள்? வேலையைப் பாதியில் விடுகிறவளா அவள்? நடந்தே வருகிறாள். மறுபடியும் அவனால்தான் ஏறுகிறாள்.

இரண்டாம் மாடி. பெருமூச்சு.

“வேண்டாம்மா, ஏறாத!” என்று அலறிக்கொண்டு சர்வரிடம் பாய்ந்தான். கணக்கைத் திறக்கும் பொத்தானை அழுத்தினான். ‘சற்றுப் பொறுக்கவும்’ என்று திரையில் வட்டம் சுற்றியது.

சளக். சளக்.

வட்டம் சுற்றியது.

மூன்றாம் மாடித் திருப்பம். செருப்பு ஒருமுறை இழுபட்டது.

பச்சை விளக்கு எரிந்தது.

படிக்கட்டு அமைதியாயிற்று. அவளுடைய திரையில், திருத்தங்களுக்குக் கீழே, ஒரு வரி மெல்ல மெல்ல வந்தது.

‘இனிமே நான் ஏறி வர வேண்டாமில்லங்க?’

அவன் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுத்துகள் கண்ணீரில் மங்கின. ‘வேண்டாம்மா. இன்னைக்கே முடிச்சுட்டேன்’ என்று அடித்தான். அடித்துவிட்டு மேஜையில் தலையை முட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதான். மேலாளரம்மா அவன் தோளில் கை வைத்தார். “அந்தப் பேரை அழிக்க வேண்டாம்பா. இருக்கட்டும்” என்றார்.

வேலை முடிந்து இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். வெளியே வெயில் குறையவில்லை. ஆனால் படியெல்லாம் ஈரம். செருப்புத் தடங்கள் மூன்றாம் மாடித் திருப்பம் வரை ஏறி, அங்கே திரும்பிக் கீழே இறங்கியிருந்தன.

இறங்கும் தடங்களை ஒட்டி, இப்போதுதான் நடை பழகும் இரண்டு பிஞ்சுப் பாதங்களின் ஈரமும் இருந்தது.