பின் இடது

ஆறாவது குரலும் சொல்லி அடங்கிய பிறகு, விஜய்பாண்டியின் விரல் மடிக்கு இறங்காமல் மெதுவாகப் பின்னால் திரும்பியது.

அறையின் நடுவில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஆறு ஸ்பீக்கர்கள். குரல் எதிலிருந்து வருகிறதோ அதை விரலால் காட்டுவதும், குரல் நின்றதும் கையை மடியில் வைப்பதும்தான் அவனுக்கு அக்கா கொடுத்திருந்த வேலை. பிறந்ததிலிருந்தே கண் தெரியாதவன். இலஞ்சியில் வீட்டுக்குள் இருந்துகொண்டே, தெருவில் போகிற வேன் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்புகிறதா, இனிமேல்தான் போகிறதா என்று வேனுக்குள் இருப்பவர்களின் பேச்சுச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அந்த விரல் தப்பாது. இப்போது அது இடது தோளுக்குப் பின்னால், அரிசி டிரம் இருக்கும் மூலையைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"முடிஞ்சிட்டுலே. கையக் கீழ போடு," என்றாள் ஜெயசித்ரா.

"எங்க முடிஞ்சிது? சொல்லி முடிச்சிட்டு மூச்சு வாங்குதான் பாரு."

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். ஓட்டின் மேல் சாரல் விழும் சத்தமும், கொல்லையில் தென்னை மட்டையிலிருந்து நீர் சொட்டும் சத்தமும், கம்ப்யூட்டரின் விசிறி சுற்றும் சத்தமும்தான் இருந்தன. அந்தி இருட்டில் ஸ்பீக்கர்களின் கறுப்புத் துணி முகங்கள் சுவரோடு கலந்துகொண்டிருந்தன. லைட்டைப் போடலாமா என்று யோசித்தாள். சோதனை நடக்கும்போது எதையும் மாற்றக் கூடாது என்று விட்டுவிட்டாள்.

அந்த ஸ்பீக்கர்களையும் ஆம்ப்ளிஃபையரையும் ராணுவத்தில் இருக்கும் அப்பா கேண்டீனிலிருந்து வாங்கி வந்திருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போவது ஒரே ஒரு கேபிள். ஆறு ஓடைகளின் தண்ணீரையும் ஒரு மடைக்குள் திருப்பி, வரப்பைத் தாண்டியதும் மறுபடி ஆறாகப் பிரித்துவிடுவதுபோல, ஆறு ஸ்பீக்கருக்கான ஒலியையும் சுருக்கி ஒன்றாகக் கட்டி அந்தக் கேபிளில் அனுப்ப ஒரு செருகுநிரல், கூடச் சேர்க்கும் ஒரு சின்ன மென்பொருள், வேண்டும். அவள் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸுக்கு அப்படி ஒன்றை யாரோ எப்போதோ எழுதியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டி வைத்திருந்தவர் அதைப் பல வருஷத்துக்கு முன்பே கைவிட்டுவிட்டார். தென்காசியில் மாலை வகுப்பு நடத்தும் மசூது சார் அதைத்தான் அவளிடம் கொடுத்து, புதுசாகக் கட்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

பழைய பேக்கேஜில் ஒரு பேட்ச் இருந்தது. மூல நிரலின்மேல் போட்ட ஒட்டுத் திருத்தம். ஒரே வரி. பின் இடது ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை எப்போதும் பூஜ்யமாக்கு என்றது அந்த வரி. ஏன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தனக்குத்தான் புரியவில்லையோ என்று ஜெயசித்ரா அதை இரண்டு மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்தாள். விளக்கம் இல்லாத பேட்ச் பேக்கேஜில் இருக்கக் கூடாது, எடுத்துவிடு என்று மசூது சார் சொல்லிவிட்டார். வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அவளும் எடுத்துவிட்டாள். அதுவரை ஊமையாக இருந்த அந்த மூலை ஸ்பீக்கர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசியது.

பேசியது விஜய்பாண்டியின் குரல்தான். சோதனைக்காக 'முன் இடது', 'முன் வலது', 'பின் இடது' என்று ஆறு இடங்களின் பெயரையும் அவனையே சொல்லச் சொல்லிப் பதிந்திருந்தாள். அவனுக்கு அப்படி ஒரு குரல். செவ்வாய்க்கிழமை திருநெல்வேலியில் ஒரு வானொலியில் அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு. அம்மா முருகம்மாள், சீசனுக்கு வேலை பார்க்கும் சிப்ஸ் கடையில் அந்தத் தேர்வு நாளுக்கு லீவு சொல்லியிருந்தாள். கண் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்காத விசேஷம் இல்லை. அம்மாவிடம் இருந்த ஒரே பதில் அந்தக் குரல்.

ஜெயசித்ரா எழுந்து மூலைக்குப் போய் ஸ்பீக்கரில் காதை வைத்தாள். லேசான இரைச்சல். சுருக்கி விரிக்கும்போது மிஞ்சும் கசடு அது, வகுப்பில் படித்ததுதான். ஆனால் அந்த மூலையில் ஒரு வாடை இருந்தது. அருவியில் குளித்தவர்கள் பிழியாமல் சுருட்டிப் போட்டு, நாலு நாள் கழித்து எடுக்கும் துண்டின் வாடை. அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. தரை காய்ந்துதான் கிடந்தது.

"யக்கா," என்றான் விஜய்பாண்டி, "ஒன் பேக்கேஜுக்குள்ள ஆளு இருக்காம்லா. வாடகை பேசிட்டியா?"

அவள் சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன்பே மூலையிலிருந்து, தன் காதுக்குப் பக்கத்திலிருந்து, அது கேட்டது.

"வாடகை பேசிட்டியா?"

அதே குரல். அதே இழுப்பு. அதே கேலி.

மைக் திறந்திருக்கிறது என்று நினைத்தாள். அவன் பேசுவதை மைக் வாங்கி, நிரல் சுருக்கி, கேபிளில் போய் விரிந்து, கொஞ்சம் தாமதித்து வெளியே வருகிறது. அவ்வளவுதான். போய்ப் பார்த்தாள். மைக் மேஜையின் மேலே கிடந்தது. அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் மறுபடி சோதி. மசூது சார் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஜெயசித்ராவுக்குத் தன்மேல் நம்பிக்கை வராத நேரங்களில் எல்லாம் அந்த முறைதான் கைப்பிடி. பின் இடது ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள்.

"இப்பம் எதாவது பேசுலே."

"என்னத்தப் பேச?"

"என்னத்தப் பேச?" என்றது மூலை.

வயர் அவள் கையில் இருந்தது. செம்புக் கம்பி விரலில் குத்திக்கொண்டிருந்தது.

ஆம்ப்ளிஃபையரை நிறுத்தினாள். பச்சை விளக்கு அணைந்தது. மறுபடி பேசச் சொன்னாள். அவன் வானொலித் தேர்வுக்குப் பழகி வைத்திருந்ததைச் சொன்னான், வணக்கம் நேயர்களே என்று. மூலையும் சொன்னது. ஆனால் இந்தத் தடவை சீக்கிரமாக. முன்பு அவன் சொல்லி முடித்து ஒரு மூச்சு விட்ட பிறகு வந்தது, இப்போது கடைசி எழுத்தின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு வந்தது.

தாமதம் குறைகிறது. அவள் அதைக் கவனித்தாள். கவனிக்கத்தான் பழகியிருந்தாள்.

"வேண்டாங்க்கா, போதும். அம்மை வரட்டும்," என்றான் அவன். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூலையும் சொல்லத் தொடங்கிவிட்டது. குரல்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போயின.

"இன்னும் ஒரு தடவ. எங்கருந்து வருதுன்னு காட்டு."

"யக்கா..."

"ஒரே ஒரு தடவலே. எனக்குச் சரியாத் தெரியணும்."

அவன் பேசினான். விரல் நீண்டது. மூலையை அல்ல. மூலைக்கும் நாற்காலிக்கும் நடுவில், வெறுந்தரைக்கு மேலே, ஆள் உயரத்தில். அவள் மறுபடி கேட்டாள், அவன் மறுபடி பேசினான். விரல் மடங்கி, அவன் தோளுக்கு ஒரு சாண் பின்னால் காற்றைக் காட்டியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தம் தாமதமாக வந்தால் தூரத்தில் இருக்கிறது. தாமதம் குறைந்தால், கிட்டே வருகிறது. அவன் பேசப் பேச. அவள் பேசச் சொல்லச் சொல்ல.

"பேசாத," என்றாள். "இனிமே பேசாதலே. வாய மூடு. எந்திரி, வெளிய போவோம்."

கையைப் பிடித்து இழுத்தாள். அவன் எழ முயன்றான். நாற்காலியின் கால்கள் தரையில் கிறீச்சிட்டன, ஆனால் ஆள் கிளம்பவில்லை. இரண்டு பேரின் கனம் இருந்தது அந்த நாற்காலியில். அவன் சட்டையின் முதுகு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்தத் துண்டு வாடை.

"யக்கா, மேல சாயுது," என்றான்.

இரண்டு குரலும் ஒன்றாகச் சொன்னன. பிசிறே இல்லாமல். ஒரே வாயிலிருந்து வருவதுபோல.

அவள் அவன் கையை விட்டுவிட்டாள்.

அதை அவள் செய்தாள். விட்டுவிட்டு மேஜைக்கு ஓடினாள். அந்த ஒரு வரி. யாரோ எதற்காகவோ போட்டு வைத்திருந்த வரி. குப்பையிலிருந்து அதைத் திரும்ப எடுத்து நிரலின்மேல் ஒட்டினாள். பேக்கேஜைக் கட்டச் சொன்னாள். திரையில் எழுத்துகள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. பின்னால் விஜய்பாண்டியின் குரல் கேட்டது.

"யக்கா, எங்க போன?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் உதடு மூடியிருந்தது. குரல் முடிந்த பிறகு உதடு திறந்தது. யக்கா, எங்க போன என்று அசைந்தது. அதில் சத்தம் இல்லை.

இப்போது முன்னால் இருப்பது அது. பின்னால் இருப்பது அவன்.

கட்டி முடிந்தது. நிறுவு என்றாள். கடவுச்சொல் கேட்டது. தப்பாக அடித்தாள். மறுபடி அடித்தாள். முடிந்தது என்று வந்தது.

அறை அடங்கிவிட்டது.

சாரல் சத்தம். விசிறிச் சத்தம். வேறு எதுவும் இல்லை. வாடை போயிருந்தது. ஜெயசித்ரா மேஜையில் நெற்றியை வைத்து மூச்சு வாங்கினாள். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. நாற்காலி லேசாக அசையும் சத்தம் கேட்டது, பாரம் இறங்கிய நாற்காலி. காலடிச் சத்தம் அவளைத் தாண்டி, சுவரைத் தடவாமல், தயங்காமல், அறை வாசல் நிலையையும் தாண்டி அடுக்களைப் பக்கம் போனது. தம்பி எழுந்துவிட்டான் என்று நினைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள்.

தம்பி நாற்காலியிலேயே இருந்தான்.

வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்து, முகம் சிவந்து, தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டிருந்தான். துளிச் சத்தம் இல்லை. அந்த வரி, பின்னால் இருந்தவனைத்தான் ஊமையாக்கியிருந்தது. "லேய், நான் இங்கன இருக்கேன்," என்றாள். அவன் தலை திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். அவன் முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். அவன் தன் காதுகளைத் தன் கையாலேயே அறைந்துகொண்டான், தண்ணீர் புகுந்த காதை அறைவதுபோல. திரும்பத் திரும்ப.

அவள் மேஜைக்குப் போய் அந்த வரியை மறுபடி எடுத்தாள். கட்டினாள். நிறுவினாள். எதுவும் மாறவில்லை. இப்போது அது வெறும் பேக்கேஜாகத்தான் இருந்தது.

முன்கதவு திறந்தது. தேங்காயெண்ணெய் வாடையோடு அம்மா உள்ளே வந்தாள். குடையை உதறும் சத்தமும், இன்றைக்குக் கடையில் என்ன கூட்டம், கால் கடுத்துப்போச்சு என்ற புலம்பலும் அடுக்களைப் பக்கம் போயின.

"ஏலே விஜயி, தோசை சுடட்டா?"

"சுடுங்கம்மா," என்றது குரல், அடுக்களையிலிருந்து. "பசிக்கி."

"ஏது, எனக்கு முந்தியே வந்து ஒக்காந்திருக்க? செவத்தத் தடவாமயே வந்துட்டியா? லைட்டு கூடப் போடல, எங்கருக்கன்னே தெரியல எனக்கு."

"இருட்டு எனக்கு என்னம்மா செய்யும்? நீங்க தோசையப் போடுங்க, நான் இங்கனயேதான் இருக்கேன்."

அம்மா சிரித்தாள். கல்லில் மாவு விழுந்து சுரீரென்றது. செவ்வாய்க்கிழமைக்கு எந்தச் சட்டை போடுகிறாய் என்று அவள் கேட்பதும், அது பதில் சொல்வதும், அவள் மறுபடி சிரிப்பதும் கேட்டன. அம்மா இவ்வளவு சிரித்து ஜெயசித்ரா கேட்டதில்லை.

லைட் சுவிட்சைப் போடும் சத்தம் இன்னும் வரவில்லை.

கூப்பிட வாயெடுத்தாள். அம்மா என்று சொன்னால் திரும்பிப் பார்ப்பது அம்மாவா, அதுவா என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். மண்டி போட்டுத் தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்தாள். நான்தான், அக்காதான் என்று அவன் உள்ளங்கையில் விரலால் அழுத்தினாள். தொடுவது யார் என்பதை அவன் எப்போதும் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்வான். குரல் இல்லாமல் இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்து தன்னைப் பிடித்ததும் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. கையை உதறினான். நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, விழுந்து, முழங்கையால் தரையைத் தள்ளித் தள்ளி நகர்ந்துபோய் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டான். அவள் கிட்டே போனாள். காலால் உதைத்தான். வாய் அகலத் திறந்து, கூப்பிட்டான், கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வாய் அசைவை வைத்து அவளுக்குத் தெரிந்தது. அவளைத்தான் கூப்பிடுகிறான். அவளிடமிருந்து தன்னைக் காப்பாற்றச் சொல்லி.