மழை நாள் பந்தி

காலியாகக் கிடந்த சாப்பாட்டு ஹாலிலிருந்து ஸ்பூன் சத்தம் கேட்டது.

கிளப் சமையலறையில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்த கனகா, கணவன் பிரபாகர்தான் உள்ளே மேசைகளை ஒழுங்குபடுத்துகிறான் என்று நினைத்தாள். காலையில் மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைத்துவிட்டதால் சேலத்திலிருந்து ஒரு மெம்பர்கூட வரவில்லை. மத்தியானத்திலேயே மூடுபனி டென்னிஸ் கோர்ட்டை விழுங்கிவிட்டு, வராந்தாவைத் தாண்டி, நனைந்த கம்பளியின் வாடையோடு ஜன்னல் இடுக்கு வழியாகச் சமையலறைக்குள் கசிந்துகொண்டிருந்தது.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு, கேஸ் சிலிண்டரை உருட்டியபடி பிரபாகர் வந்தான்.

"ஏனுங்க... நீங்க இங்க இருக்கறீங்க. அப்ப உள்ள ஆருங்க?"

பிரபாகர் காது கொடுத்துக் கேட்டான். அவன் முகம் வெளிறியது.

"இருக்கற சாப்பாட்டையெல்லாம் எடு கனகா. பழைய பட்லர் சென்றாயண்ணன் சொல்லியிருக்காரு. தொரைங்க காலத்துல இந்தக் கிளப்புல ஓட்டப்பந்தயம் வெப்பாங்களாமா. ஒரு மழை நாளு மலைமேல ஓடுனவங்க ஒருத்தருமே திரும்பலியாம். அவங்களுக்கு ஆக்குன விருந்து அப்படியே ஆறிப்போச்சாம். பாதை அடைச்சா வருவாங்கன்னாரு. நாந்தான் நம்புல."

"ஊட்டுக்குப் போயிரலாங்க. கொட்டச்சேட்டுல நம்ம புள்ள ஹரிணி தனியா இருக்கறா."

"பசியோட உட்டுட்டுப் போனா, நம்ம பின்னாலயே ஊட்டுக்கு வந்துருவாங்களாமா."

சோற்றையும் ரசத்தையும் தூக்கிக்கொண்டு போனான். ஸ்பூன்கள் வேகமெடுத்தன. வெறும் பாத்திரத்தோடு திரும்பினான். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. ரொட்டியும் முட்டையும் போயின. பிறகு பச்சைக் காய்கறி. பிறகு ஊறவைத்த அரிசி. ஒவ்வொரு தடவையும் காலில் சேறு ஏறிக்கொண்டே வந்தது. வெகுதூரம் ஓடியவன் போல மூச்சு வாங்கியது.

"இன்னுங் கேக்கறாங்க," என்றான்.

அலமாரியில் ஒன்றும் இல்லை.

"கையெடுத்துக் கும்புட்டுச் சொல்லிட்டு வந்தர்றேன்."

போனான். கதவு ஆடி நின்றது.

ஸ்பூன்கள் ஓய்ந்தன. கூரையில் மழை. வேறு சத்தமில்லை.

"ஏனுங்க?"



பிறகு தட்டுகளைத் தட்டும் ஓசை. எல்லாம் ஒன்றாக. மெதுவாக. கனகா கதவைத் தள்ளினாள்.

ஹால் முழுக்கப் பனி. மேசை நெடுக வெள்ளை பனியன் போட்டவர்கள். முழங்கால் வரை சேறு. அவர்கள் நடுவில், அதே பனியனில், பிரபாகர். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கை மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து வெறும் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

தட்டுவது நின்றது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

கனகா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரத் தோள்கள் ஒவ்வொன்றாக அவளை உரசிக்கொண்டு, சமையலறை வழியாக, பின்கதவைத் தாண்டி வெளியேறின.

கொட்டச்சேட்டுப் பாதையில் அவர்கள் ஓடத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வழி தெரிந்தவன் என்பதால், பிரபாகர் எல்லோருக்கும் முன்னால் ஓடினான்.