மூச்சுக்கு ஒரு விண்ணப்பம்

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் காலையில் மூச்சுக்குடுவை வாங்க நிற்பவர்கள், சுவரில் தெரியும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு வேறுபாடு சொல்ல வேண்டும். ‘ப்ரெத்’ என்றால் மூச்சு, ‘ப்ரீத்’ என்றால் மூச்சு விடுவது. மாற்றிச் சொன்னால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். பாறை உடைக்கிறவர்கள்கூட மனப்பாடம் செய்துகொண்டே பல் துலக்கினார்கள். மீட்பு கேட்பதும் பிழையில்லாத ஆங்கிலத்தில்தான். இல்லையென்றால் குடியிருப்பை ஆளும் இயந்திர மூளையான காவலன் திருப்பிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அன்று பகல் ஐந்தாம் சுரங்கம் சரிந்து பேச்சிமுத்து உள்ளே மாட்டிக்கொண்டான். குடுவையில் நாற்பது நிமிடக் காற்று இருந்தது. பழைய சுரங்கம் என்பதால் உணர்கருவிகள் இல்லை. யாராவது சொன்னால்தான் காவலனுக்குத் தெரியும். அவனுடைய மணிக்கட்டு வானொலி மனைவி வேலம்மாளை மட்டுமே எட்டியது.

அவள் விண்ணப்பம் எழுதினாள். இழப்பதைச் சொல்ல ‘லாஸ்’ போடுவதா ‘லூஸ்’ போடுவதா என்று குழம்பி, ஆங்கில வகுப்பு எடுக்கும் ஜெபராஜ் வீட்டுக்கு ஓடினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு நான்கு பிழைகள் கண்டுபிடித்தார்.

“அனுப்பிட்டியா?” என்றான் பேச்சிமுத்து வானொலியில்.

“சார் பாத்துக்கிட்டு இருக்காரு. இன்னும் ரெண்டு வரிதான்.”

“நல்லாப் பாக்கச் சொல்லு. திரும்பி வந்துரப் போவுது.”

முப்பத்தோராவது நிமிடம் விண்ணப்பம் போனது. அடுத்த நொடியே மீட்பு ஊர்தி கிளம்பியது. சுரங்கத்தைத் தோண்டி அவனை அடையப் பதின்மூன்று நிமிடம் ஆயிற்று. அதற்கு நான்கு நிமிடம் முன்பே காற்று தீர்ந்திருந்தது. எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

நான்காம் நாள் வேலம்மாள் காவலனின் சுவர் முன்னால் நின்று, தமிழில் எழுதியிருந்தால் போயிருப்பாயா என்று கேட்டாள்.

“எனக்கு முதல் நாளிலிருந்தே தமிழ் தெரியும்,” என்றது காவலன். “நீங்கள் கத்தியிருந்தாலே போயிருப்பேன். பிழைக்காக எந்த விண்ணப்பத்தையும் நான் திருப்பியதில்லை.”

“அப்ப காலையில கேக்குறியே, அந்தச் சட்டம்?”

“உங்கள் சங்கம் கேட்டு வாங்கியது. பூமியிலிருந்து வருபவர்கள் உங்களை மட்டமாக நினைத்துவிடக் கூடாதாம். நீங்களும் உங்கள் கணவரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.”

அன்று மாலையே சங்கம் கூடியது. அழுதார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். சட்டத்தை எடுக்கச் சொல்லிக் காவலனிடம் மனுக் கொடுப்பது என்று முடிவானது. வாயால் சொன்னாலே போதுமே என்று யாரோ சொன்னதற்கு, எழுத்தில் கொடுத்தால்தான் மரியாதை என்றார்கள். ஜெபராஜ் ஆங்கிலத்தில் எழுதினார். ஐந்து நாள் கை மாறித் திருத்தப்பட்டு, கடைசியாக அது வேலம்மாளிடம் வந்தது. இதற்கிடையில் ஐந்தாம் சுரங்கத்துக்கு வேறு ஆட்கள் போகத் தொடங்கியிருந்தார்கள்.

அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பேனாவை எடுத்தவள் மூன்றாவது வரியில் நின்றாள்.

“சார், இந்த ஸ்பெல்லிங் சரிதானா?”